ஒரு வேலைக்கு ஓர் உலாவி: தரவுப் பணிகளுக்கென்று தனி உலாவி வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், கையால் எழுதிய உறுப்பினர் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி ஒன்றில் இருந்தேன். ஸ்கேன் செய்த பக்கம் ஒரு டேபில், வலைப்படிவம் இன்னொரு டேபில். பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மாதம் கழித்துச் சரிபார்த்தபோது, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத பல உறுப்பினர்களுக்கு ஒரே கைபேசி எண் இருந்தது. தட்டச்சு செய்த பெண்ணின் சொந்த எண் அது. "கைபேசி" என்ற கட்டத்தைக் கண்டதும் உலாவி தன் நினைவில் இருந்த எண்ணைத் தானாக நிரப்பியிருக்கிறது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை. இணையக் கடையில் பொருள் வாங்குபவருக்கு உதவச் செய்த வசதியை, பிறருடைய தரவைக் கையாளும் மேசைக்கு நாங்கள்தான் யோசிக்காமல் கொண்டுவந்திருந்தோம்.

அதிலிருந்து இந்த வேலையை ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தரவு எந்த வழியாக வரலாம், எங்கே தங்கலாம், எந்த வழியாக வெளியே போகலாம்? இதற்கு விடை கிடைத்துவிட்டால், திரையில் என்ன பொத்தான் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வேலைக்கேற்ற உலாவி என்பது புதிய எண்ணம் இல்லை. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடிந்தது, அங்கேயே திருத்தவும் முடிந்தது. சூரிக்கின் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர், தேர்வு நேரத்தில் மாணவர் வேறு பக்கத்துக்கோ செயலிக்கோ போகாதபடி கணினியைப் பூட்டிவிடும். ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டப்பட்ட டோர் பிரவுசரை மூடினால் வரலாறும் குக்கீகளும் (தளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) அழிந்துவிடும். நூற்குறிப்புகள் சேர்க்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஸொட்டேரோ, 2006-இல் ஃபயர்பாக்ஸ் நீட்சியாக (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரலாக) தொடங்கிப் பின்னர் தனிச் செயலி ஆனது. சேஃப் எக்ஸாம் பிரவுசர் தடுக்கிறது, டோர் மறக்கிறது, ஸொட்டேரோ சேர்த்து வைக்கிறது. உங்கள் உலாவி இவற்றில் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முதல் முடிவு.

1. தரவின் வழியைத் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஐந்து கேள்விகள் எழுதுங்கள். தரவு எங்கிருந்து வருகிறது? யார் யார் கை படுகிறது? இடையில் எங்கெல்லாம் தங்குகிறது? எங்கே போய்ச் சேர்கிறது? எப்போது அழிய வேண்டும்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சாதாரண உலாவியில் தரவு தங்கும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கேஷ் (பக்கங்களின் தற்காலிக நகல்), குக்கீ, லோக்கல் ஸ்டோரேஜ், இன்டெக்ஸ்டு டிபி (இவை இரண்டும் தளங்கள் உலாவிக்குள் தரவு வைக்கும் இடங்கள்), படிவங்களை நிரப்பும் நினைவு, பார்த்த பக்கங்களின் வரலாறு, பதிவிறக்கக் கோப்புறை, கிளிப்போர்டு, பிரின்டருக்குப் போகும் வரிசை, உலாவியின் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வரில் ஒரு நகல். ஒவ்வொன்றின் எதிரிலும் "வேண்டும்", "வேண்டாம்", "இத்தனை நாள்" என்று எழுதுங்கள். இந்தத் தாள்தான் வடிவமைப்பு ஆவணம். பின்னால் எழும் சண்டைகளில் பாதியை இது தீர்த்துவிடும்.

இந்த வழிகாட்டியில் மூன்று வகை வேலைகளை எடுத்துக்கொள்கிறேன். தாளில் உள்ளதை வலைப்படிவத்தில் ஏற்றும் பதிவு வேலை. இணையத்தில் உள்ளதைத் திரட்டும் சேகரிப்பு வேலை. பிறர் அந்தரங்கம் அடங்கிய பதிவுகளைப் பார்க்கும் மறைவான வேலை. சேகரிப்பு உலாவி கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். மறைவான வேலைக்கான உலாவி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவு உலாவி, சர்வர் "கிடைத்தது" என்று சொல்லும்வரை வைத்திருந்துவிட்டுப் பிறகு விட வேண்டும். இவை மூன்றையும் ஒரே செயலியில் விருப்பத் தேர்வுகளாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். களைத்துப்போன ஒரு மாலையில் யாரோ தவறான தேர்வில் வேலை செய்வார்கள்.

2. தனியாகக் கட்டத்தான் வேண்டுமா?

பல இடங்களில் வேண்டியதில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் நிறுவனங்களுக்கான கொள்கை அமைப்புகள் உண்டு. எந்தத் தளங்கள் திறக்கலாம், எவை கூடாது, தானியங்கி நிரப்பல் வேண்டுமா, கடவுச்சொல் சேமிக்கலாமா, ஒத்திசைவு கூடுமா என்று அத்தனையையும் அதில் பூட்டலாம். ஃபயர்பாக்ஸில் இதற்கு ஒரே ஒரு ஜேசன் கோப்பு (அமைப்புகளை எழுதி வைக்கும் எளிய உரைக்கோப்பு) போதும். தொடக்கத்தில் சொன்ன கைபேசி எண் கதை இந்த ஒரு கோப்பாலேயே நடக்காமல் போயிருக்கும்.

நீட்சி எழுதுவது அடுத்த நிலை. ஆனால் நீட்சிகளுக்கான குரோமின் மேனிஃபெஸ்ட் 3 விதிகள் வந்தபிறகு, உலாவியிலிருந்து சர்வருக்குப் போகும் கோரிக்கை ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை சாதாரண நீட்சிகளுக்கு இல்லை. நிறுவனக் கொள்கை வழியாக நிறுவப்பட்டவைக்கு உண்டு. ஃபயர்பாக்ஸ் அந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது.

வரைவுகள் வட்டில் எந்தக் கோப்பில் இருக்கும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றாலோ, சர்வரின் பதிலை அப்படியே பிடித்து வைக்க வேண்டும் என்றாலோ, ஸ்கேன் படமும் படிவமும் ஒன்றையொன்று அறிந்து நகர வேண்டும் என்றாலோ தனி உலாவிக்குப் போங்கள். இந்த மூன்றில் ஒன்றும் தேவைப்படாவிட்டால் இந்தப் படியோடு நின்றுவிடுவது நல்லது. பராமரிக்க ஆளில்லாத தனி உலாவியைவிட, கட்டுப்பாடு போட்ட சாதாரண உலாவி பாதுகாப்பானது.

3. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது

பக்கத்தை வரையும் எஞ்சினை யாரும் தாமாக எழுதத் தொடங்க வேண்டாம். குரோமின் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தில் உள்ள பிளிங்க், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, ஆப்பிளின் வெப்கிட் ஆகிய மூன்றும் பல்லாண்டு உழைப்பு. நாம் செய்வது இவற்றில் ஒன்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவது.

அதற்குச் சில வழிகள் உண்டு. எலெக்ட்ரான், 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் என்ற நிரல் எழுதும் எடிட்டருக்காகத் தொடங்கியது. குரோமியத்தையும், கணினியின் கோப்புகளைத் தொடக்கூடிய நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையும் சேர்த்தே கட்டித் தருகிறது. எந்தக் கணினியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரியும். வட்டில் 100 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும், ரேமும் கேட்கும். டவுரி அப்படியில்லை. விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே என்று இயங்குதளத்தில் இருக்கும் எஞ்சினையே வாங்கிக்கொள்ளும். செயலி சிறியதாக இருக்கும். பதிலுக்கு மூன்று எஞ்சின்களிலும் சோதிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். பைத்தானோ சி++ஸோ தெரிந்தவர்களுக்குக் கியூட்டி வெப்என்ஜின் இருக்கிறது, அதுவும் உள்ளே குரோமியம்தான்.

நான் சேகரிப்பு வேலைக்கு எப்போதும் குரோமியம் வழியைத்தான் எடுப்பேன், காரணம் ஏழாம் படியில் வரும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகளில் பதிவு வேலை நடக்கிறது என்றால் டவுரியைப் பாருங்கள். மற்ற இடங்களில், சிறு குழுவுக்கு எலெக்ட்ரான் தலைவலி குறைவு. கீழே வரும் விவரங்களை அதை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றிலும் இதே கருத்துகள் வேறு பெயர்களில் இருக்கும்.

4. அறை அறையாகப் பிரியுங்கள்

எலெக்ட்ரானில் ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு செஷன் உண்டு. குக்கீ, கேஷ், சேமிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். செஷனுக்கு வைக்கும் பார்ட்டிஷன் பெயர் "பெர்சிஸ்ட்:" என்று தொடங்கினால் அது வட்டில் தங்கும். அப்படித் தொடங்காவிட்டால் நினைவகத்தில் மட்டும் இருந்து, செயலி மூடியதும் போய்விடும். பெயரில் உள்ள இந்த ஒரு சொல்தான் தரவு தங்குமா தங்காதா என்று முடிவு செய்கிறது. இதை ஒரே இடத்தில் எழுதி, மற்ற எல்லா இடங்களும் அங்கிருந்தே வாங்கும்படி செய்யுங்கள். இரண்டு கோப்புகளில் எழுதினால் என்றாவது ஒன்றில் பிழை வரும்.

அடுத்து, வலைப்பக்கத்துக்கும் உங்கள் கணினிக்கும் நடுவில் உள்ள சுவர். வலைப்பக்கத்துக்கு நோட் அணுகல் கூடாது, கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன் (பக்கத்தின் நிரல் உங்கள் நிரலைத் தொடாதபடி பிரிப்பது) இருக்க வேண்டும், சேண்ட்பாக்ஸ் (பக்கத்தைக் கணினியிலிருந்து ஒதுக்கி அடைத்து ஓட்டுவது) இருக்க வேண்டும். எலெக்ட்ரான் 5, 12, 20 பதிப்புகளிலிருந்து இவை மூன்றும் முறையே இயல்பாகவே இப்படித்தான் உள்ளன. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் இவற்றை மாற்றச் சொல்லியிருப்பார்கள். "பக்கம் வேலை செய்யவில்லை, இதை அணைத்ததும் சரியாகிவிட்டது" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். தெரியாத தளத்தின் நிரலுக்கு உங்கள் வட்டைத் திறந்துவிடுவது அது.

பக்கத்துக்கும் உங்கள் நிரலுக்கும் பேச்சு வேண்டும் என்றால், பக்கத்தின் நிரலுக்கு முன்பே ஓடும் பிரீலோட் கோப்பின் வழியாகச் சின்ன ஜன்னல் மட்டும் வையுங்கள். என் பதிவு உலாவியில் மூன்றே செயல்கள் அந்த ஜன்னலில் இருந்தன: வரைவைச் சேமி, அடுத்த படத்தைக் கொடு, அனுப்பு. எந்தச் செய்தியையும் எங்கும் அனுப்பலாம் என்ற பொதுவான கதவைத் திறந்தால் சுவர் எழுப்பியதற்கே பொருள் இல்லை. உங்கள் பொத்தான்களும் பட்டியலும் இருக்கும் பகுதி வேறு வியூ, வெளித்தளம் இருக்கும் பகுதி வேறு வியூ என்று பிரித்துவிடுங்கள்.

5. வாசல்களில் காவல்

எல்லாம் மூடியிருக்கும், தேவையானது மட்டும் திறக்கும் என்பதே இங்கு விதி. காவல் வைக்க வேண்டிய இடங்கள் ஆறு: வலைக் கோரிக்கை, பக்கம் மாறுதல், புதுச் சாளரம், அனுமதி கேட்டல், பதிவிறக்கம், சான்றிதழ்ப் பிழை (வந்திருப்பது உண்மையான தளம்தான் என்ற உறுதி கிடைக்காமை).

அனுமதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தளம் கேமராவையோ இருப்பிடத்தையோ கேட்டால் குரோம் நம்மிடம் கேட்கும். எலெக்ட்ரானில் நீங்கள் கையாளும் நிரல் எழுதாவிட்டால், கேட்டது தானாகக் கிடைத்துவிடும். பலருக்கு இது தெரியாது. முதல் நாளே எல்லா அனுமதிகளையும் மறுக்கும் நிரலை எழுதிவிட்டுப் பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

தளப் பட்டியலைச் சரிபார்ப்பதில் ஒரு பொறி உண்டு. முகவரியில் "அலுவலகம்.உதாரணம்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடினால், "அலுவலகம்.உதாரணம்.வேறுதளம்" என்பதும் உள்ளே வந்துவிடும். முகவரியை முறையாகப் பிரித்து, ஹோஸ்ட் பெயர் (முகவரியில் தளத்தைக் குறிக்கும் பகுதி) முழுதாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பட்டியலை எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் பக்கம் உடையும். எழுத்துரு ஓரிடத்திலிருந்தும், ஸ்கிரிப்ட் இன்னோரிடத்திலிருந்தும் வரும். முதல் வாரம் எதையும் தடுக்காமல், பட்டியலில் இல்லாதவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தக் குறிப்பைப் படித்து, தேவையானதைச் சேர்த்து, பிறகு பூட்டுங்கள். சான்றிதழ்ப் பிழைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. "பரவாயில்லை, தொடர்" என்ற பொத்தானே உங்கள் உலாவியில் இருக்கக் கூடாது.

6. பதிவு உலாவி

நான் அதிக நாள் செலவிட்டது இதில்தான். திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஸ்கேன் படம், வலப்பக்கம் படிவம். கட்டம் மாறும்போது படமும் அந்த வரிக்கு நகர வேண்டும். பதிவேட்டின் வரிகள் ஓரளவு ஒரே இடைவெளியில் இருப்பதால், முதல் பக்கத்தில் வரியின் உயரத்தைக் குறித்துக் கொடுத்தால் மற்றவற்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மவுஸைத் தொடாமல் ஒரு பதிவை முடிக்க முடிகிறதா என்பதே சோதனை.

என்டர் அழுத்தினால் அடுத்த கட்டம் என்று வைப்பீர்கள். அங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவருக்குச் சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, பரிந்துரையை ஏற்க அதே என்டர் தேவைப்படும். உங்கள் நிரல் அதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சொல்லோடு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். விசை நிகழ்வில் "எழுத்து உருவாகிக்கொண்டிருக்கிறது" என்று காட்டும் குறியீடு ஒன்று இருக்கிறது. அது உண்மை என்றால் குறுக்கிடாமல் விட்டுவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் மட்டும் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம்.

வரைவு. ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் உள்ளூர் எஸ்கியூலைட் கோப்பில் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) எழுதுங்கள். மாற்றத்தை முதலில் தனிக் குறிப்பில் எழுதும் வால் (WAL) முறையில், வட்டில் எழுதியாயிற்றா என்று உறுதிசெய்யும் ஒத்திசைவு அமைப்பை "நார்மல்" என்று வைத்தால் மின்வெட்டில் கோப்பு கெடாது, ஆனால் கடைசிச் சில பதிவுகள் போகலாம். "ஃபுல்" என்று வைத்தால் அதுவும் போகாது. மனிதர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு "ஃபுல்" சுமையே இல்லை. ஒரு பெண் காலையிலிருந்து ஏற்றிய பதிவுகள், சர்வரின் உள்நுழைவு நேரம் முடிந்ததால் மொத்தமாகப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் அழவில்லை, பேசாமல் முதல் பக்கத்தை மறுபடி எடுத்தார். அது எந்த மேசையிலும் திரும்ப நடக்கக் கூடாது.

ஒவ்வொரு பதிவுக்கும் உருவாகும்போதே ஓர் அடையாள எண் கொடுங்கள், சர்வருக்கு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வரும் முன் இணைப்பு அறுந்தால் உலாவி மறுபடி அனுப்பும். சர்வர் அந்த எண்ணைப் பார்த்து "இது ஏற்கெனவே வந்தது" என்று அறிந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒரே உறுப்பினர் இரண்டு முறை இருப்பார். பதிவின் நிலையைத் திரையில் நிறத்தோடு சொல்லாகவும் காட்டுங்கள்: வரைவு, அனுப்பியது, சர்வர் ஏற்றது.

இனித் தமிழ் எழுத்து. "கொ" என்பதை ஒற்றைக்கொம்பு, க, கால் என்று நாம் மூன்றாகப் பார்க்கிறோம். எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் க-வுக்குப் பின் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "கொளத்தூர்" என்று தேடினால் பாதிப் பதிவுகள் கிடைக்கும், மீதி கிடைக்காது. இந்த இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற ஒழுங்குமுறையைச் சேமிக்கும் முன் செலுத்தினால் இது தீரும். ஆனால் ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. "ஸ்ரீ" எழுத்தும் ஸ வழியாகவும் ஶ வழியாகவும் இரண்டு விதமாக உருவாகும், அதையும் திருத்தாது. வேறிடத்திலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளும் கூடவே வரும். இவற்றுக்குத் தனி விதிகள் எழுதுங்கள், தட்டச்சு செய்த மூல வடிவத்தையும் பக்கத்திலேயே வைத்திருங்கள். விதி தவறு என்று பின்னால் தெரிந்தால் திரும்பிப் போக வழி வேண்டும்.

கட்டத்தில் "50 எழுத்து வரை" என்று எல்லை வைக்கும்போதும் கவனம். "கி" கணினிக்கு 2, "ஸ்ரீ" 4. ஆங்கிலப் பெயருக்குப் போதுமான இடம் தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டும். வரிசைப்படுத்தலும் அப்படியே. யூனிகோடு எண்படி அடுக்கினால் ற, ன இரண்டும் நம் நெடுங்கணக்கில் உள்ள இடத்தில் வராது, ள-வுக்குப் பின்னால் ழ வந்து நிற்கும். உலாவியில் மொழிவாரி வரிசைக் கருவி இருக்கிறது, அதற்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் போதும்.

எண்களில் எது கணக்குக்கு, எது அடையாளத்துக்கு என்று பிரியுங்கள். உறுப்பினர் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எல்லாம் எழுத்தாகவே சேமிக்கப்பட வேண்டும். எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழி போய்விடும். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றைச் சுழியாக மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991-ஐத் தாண்டினால் துல்லியம் இழக்கும். தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று காட்டலாம், சேமிப்பது ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்கட்டும். 03/04 என்று மட்டும் விட்டுவைத்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஏற்றுமதிக்கு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) கேட்பார்கள். யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 வடிவக் கோப்பின் தொடக்கத்தில், அந்த வடிவத்தை அடையாளம் காட்டும் பைட் வரிசைக் குறி இல்லாவிட்டால், எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ் குழம்பித் தெரியக்கூடும். அந்தக் குறியைச் சேர்த்தே எழுதுங்கள். =, +, -, @ ஆகியவற்றில் தொடங்கும் மதிப்பை எக்ஸெல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும், அதையும் வெறும் எழுத்தாகப் பாதுகாக்க வேண்டும்.

பிழையைக் குறைக்க நான் அறிந்த சிறந்த வழி பழைய வழிதான். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே ஏற்ற வேண்டும், வேறுபடும் கட்டங்களை மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். முக்கியமான கட்டங்களுக்காவது இதை உலாவியிலேயே கட்டிவிடுங்கள்.

7. சேகரிப்பு உலாவி

முதலில் மூலத்தை அப்படியே பிடித்து வையுங்கள், பிறகு பிரித்தெடுங்கள். விலையை மட்டும், தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தை விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பிரித்தெடுக்கும் நிரலில் பிழை தெரியும்போது அந்தப் பக்கமே இருக்காது. இணையக் காப்பகங்கள் பயன்படுத்தும் வார்க் வடிவம் இதற்கென்றே உள்ளது. 2009-இல் ஐஎஸ்ஓ 28500 என்ற தரமானது. கோரிக்கை, பதில், தலைப்புகள், முகவரி, நேரம் எல்லாம் சேர்ந்தே பதியும். கோப்பு 1 ஜிபி அளவை எட்டும்போது அடுத்ததைத் தொடங்குவது வழக்கம்.

இன்றைய பக்கங்கள் பலவற்றில் உள்ளடக்கம் ஸ்கிரிப்ட் ஓடிய பிறகே வரும். வெறும் எச்டிஎம்எல் கோப்பை இறக்கினால் காலிக் கூடுதான் மிஞ்சும். குரோமியத்தில் உள்ள டெவ்டூல்ஸ் புரோட்டோகால் (எஞ்சினை வெளியிலிருந்து கவனிக்கவும் இயக்கவும் உள்ள வழி) வழியாக, எஞ்சினுக்கு வரும் பதில் ஒவ்வொன்றையும் அது வரும்போதே பிடிக்கலாம். எஞ்சின் தேர்வில் நான் சொன்ன காரணம் இதுதான். வலைப்பக்கங்களைக் காப்பகப்படுத்தும் வெப்ரெக்கார்டர் திட்டத்தின் கருவிகள் இந்த வழியில் செல்கின்றன, திறந்த மூலம் என்பதால் படித்தும் பார்க்கலாம்.

பழைய தமிழ்த் தளங்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாமினி, திஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் எனப் பல குறியாக்கங்களில் எழுதிய பக்கங்கள் உண்டு. எழுத்துரு இல்லாவிட்டால் அவை பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். பிடிக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்காதீர்கள். மூல பைட்டுகளை அப்படியே வைத்து, பக்கத்தோடு வரும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து, எந்தக் குறியாக்கம் என்று தனியாகக் குறித்து, மாற்றத்தை வேறு அடுக்கில் செய்யுங்கள். தவறாக மாற்றிய பிரதி மட்டும் மிஞ்சினால், எழுதியவர் என்ன எழுதினார் என்பதே போய்விடும்.

பிரித்தெடுத்த ஒவ்வொரு வரியிலும் எந்தப் பக்கம், எந்த நேரம், மூலத்தின் எஸ்எச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) என்ன என்பது இருக்க வேண்டும். "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று யார் கேட்டாலும் ஒரு சொடுக்கில் மூலப் பக்கம் திறக்க வேண்டும்.

பிறர் சர்வரில் நாம் விருந்தாளி. 1994 முதல் வழக்கத்தில் இருந்து 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணைய ஆவணத்தில் முறைப்பட்ட ரோபோட்ஸ் கோப்பை (தானியங்கி நிரல்கள் எந்தப் பக்கங்களைத் தொடலாம் என்று தளம் சொல்வது) படித்து மதியுங்கள். 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்ற பதில் வந்தால் நிறுத்துங்கள், எத்தனை நேரம் கழித்து வரச் சொல்கிறதோ அத்தனை நேரம் காத்திருங்கள். கோரிக்கைகளுக்கு நடுவில் இடைவெளியை உலாவியிலேயே பதித்துவிடுங்கள், பயனர் குறைக்க முடியாதபடி. சொந்தக் கணக்கில் உள்நுழைந்த குக்கீயோடு சேகரிக்க வேண்டாம். அந்தக் காப்பகத்தைப் பின்னால் பிறரிடம் கொடுத்தால் உங்கள் கணக்கின் சாவியும் கூடவே போகும்.

8. மறைவான பதிவுகளுக்கான உலாவி

நினைவக செஷன், கேஷ் இல்லை, வரலாறு இல்லை. இவ்வளவும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நினைவகம் போதாதபோது இயங்குதளம் வட்டில் எழுதும், செயலி நொறுங்கினால் அதன் நினைவின் ஒரு பகுதி கோப்பாகும். இவை உங்கள் உலாவியின் கையில் இல்லை. எனவே முழு வட்டும் மறையாக்கம் செய்த கணினியில்தான் இது ஓட வேண்டும்.

பிடிஎஃப் ஆவணத்தை வெளிச் செயலியில் திறந்தால் தற்காலிகக் கோப்பு உருவாகும், உள்ளேயே காட்டுங்கள். விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு இயங்கினால், நகலெடுத்த பெயரும் நோயும் பட்டியலில் தங்கும், வேறு கணினிக்கும் ஒத்திசையக்கூடும். நகலெடுப்பதை மறுப்பது கடுமைதான், ஆனால் இங்கே மறுப்பதே என் பரிந்துரை. பிழை திருத்தும் அகராதியையும் அணையுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் எலெக்ட்ரான் அதை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும். கடவுச்சொல்லைக் காக்க இயங்குதளத்தின் சாவிப்பெட்டியைப் பயன்படுத்துவீர்கள். லினக்ஸில் சாவிப்பெட்டி எதுவும் இல்லாவிட்டால் எலெக்ட்ரானின் மறையாக்கம் நிரலில் பதித்த, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லுக்கு இறங்கிவிடும். அந்த நிலையைக் கண்டறிந்து, செயலி இயங்க மறுக்க வேண்டும்.

மறைப்பும் முகம் காட்டாமையும் ஒன்றில்லை. மருத்துவப் பதிவைப் பார்ப்பவர் யார் என்று சர்வருக்குத் தெரியத்தான் வேண்டும், தெரிந்தால்தான் யார் எதைப் பார்த்தார் என்ற கணக்கு நிற்கும். முகம் காட்டாமல் உலாவுவது தேவை என்றால் நீங்கள் கட்ட வேண்டாம், டோர் பிரவுசரை எடுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதில்தான் அங்கே பாதுகாப்பு. தனியாகக் கட்டிய உலாவி கூட்டத்தில் தனித்துத் தெரியும்.

9. சோதனையும் புதுப்பிப்பும்

வேலையின் நடுவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். வட்டை நிரப்பிவிட்டு வரைவைச் சேமியுங்கள். கணினியின் தேதியைத் தவறாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பயனருக்கு என்ன செய்தி தெரிகிறது என்று பாருங்கள். "பிழை ஏற்பட்டது" என்று மட்டும் சொன்னால் போதாது. "உங்கள் வரைவு பத்திரமாக இருக்கிறது, இணைப்பு வந்ததும் தானே போகும்" என்று சொல்ல வேண்டும்.

பிறகு இரண்டு முழு நாள்கள் பயனரின் பின்னால் உட்காருங்கள். வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதற்குத் துண்டுச்சீட்டில் எழுதி வைக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். துண்டுச்சீட்டு எங்கே வருகிறதோ அங்கே உங்கள் உலாவியில் ஒரு கட்டம் குறைகிறது என்று பொருள்.

குரோமியத்தின் முதன்மைப் பதிப்பு இடைவெளி 2021-இல் ஆறு வாரத்திலிருந்து நான்கு வாரமாகக் குறைந்தது. எலெக்ட்ரான் கடைசி மூன்று முதன்மைப் பதிப்புகளுக்கு மட்டுமே பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. ஓராண்டு தொடாமல் விட்டால், ஊரறிந்த ஓட்டைகளோடு பிறருடைய தரவைக் கையாளுகிறீர்கள். புதுப்பிப்பைத் தானியங்கியாக்கி, கையொப்பம் சரிபார்த்து, மாதம் ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நாளை ஒதுக்க ஆளில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

10. பணி முடியும் நாள்

முதல் தாளில் எழுதிய ஐந்தாம் கேள்வி இப்போது வரும். நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டிய கடமையை இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. எஸ்எஸ்டி வட்டில் ஒரு கோப்பை அழித்தால் அந்த பைட்டுகள் உண்மையில் போய்விட்டனவா என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் வரைவுக் கோப்பை முதல் நாளிலிருந்தே எஸ்கியூஎல்சைஃபர் (எஸ்கியூலைட் கோப்பைச் சாவியால் பூட்டும் கருவி) போன்ற ஒன்றால் மறையாக்கிச் சேமிக்கச் சொல்வேன். கடைசி நாளில் முதலில் சர்வர் ஏற்ற பதிவுகளின் எண்ணிக்கையும் உள்ளூர் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். "அனுப்பியது" என்ற நிலையிலேயே நிற்கும் பதிவு ஒன்று இருந்தாலும் அன்று நிறுத்துங்கள். எல்லாம் ஒத்துப்போனால் மறையாக்கச் சாவியை அழியுங்கள், பிறகு செஷன் கோப்புறையை, பதிவிறக்கக் கோப்புறையை, ஸ்கேன் படங்களின் உள்ளூர் நகலை அழியுங்கள். யார், எந்தக் கணினியில், எந்தத் தேதியில் அழித்தார் என்று எழுதி, அந்த முதல் தாளோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.